பெயரைத் துறக்க மறுத்த பெருவீரர் ரொபேர்ட்டோ கிளமென்டே

கடலைக் கடந்து செல்லும் மனிதனின் தோல் நிறம் மாறுவதில்லை. ஆனால், அந்த நிறத்துக்கு அக்கரையில் உள்ளவர்கள் சூட்டும் பெயர் மாறிவிடுகின்றது. அந்தப் பெயரோடு, அவன் எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம், எந்த ஆசனத்தில் அமரலாம் என்பவையும் மாறிவிடுகின்றன. இந்த உண்மையைத் தமது வாழ்நாள் முழுவதும் உடலாலும் உள்ளத்தாலும் அனுபவித்தவர், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் மைதானங்களில் பெரும்புகழ் ஈட்டிய ரொபேர்ட்டோ கிளமென்டே ஆவார். கிரிக்கெட்டையே உயிராகக் கொண்ட நமது வாசகர்களுக்கு பேஸ்போல் அத்துணை பழக்கமான விளையாட்டு அல்ல. ஆயினும், அவரது வாழ்க்கை எழுப்பும் வினா விளையாட்டுக்கு அப்பாற்பட்டது. ஒரு மனிதன் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே அவ்வினாவாகும்.

தமிழில் 'இனம்' என்ற ஒரே சொல்லை நாம் பல பொருள்களில் வழங்கி வருகின்றோம். மொழியாலோ மதத்தாலோ மரபாலோ ஒன்றுபட்ட மக்கட் கூட்டத்தையும் இனம் என்கின்றோம். தோலின் நிறத்தை வைத்து வகுக்கப்பட்ட பிரிவையும் இனம் என்கின்றோம். ஐக்கிய அமெரிக்காவில் இனம் என்றால் நெடுங்காலமாக நிறமே. வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு பெரும் பெட்டிகளுக்குள் மனிதர்கள் அடைக்கப்பட்டனர். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தோரைக் குறிக்கும் லத்தினோ என்ற சொல்லோ நிறத்தைக் குறிப்பதன்று. வெள்ளை நிறத்தவரும், ஆபிரிக்க வம்சாவளியினரும், அம்மண்ணின் ஆதிக்குடிகளும், இம்மூன்றும் கலந்தோரும் லத்தினோக்களாக இருக்க முடியும். இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் கிளமென்டேயின் வாழ்வு நிகழ்ந்தது.

கரும்புத் தோட்டத்தின் பிள்ளை

1934 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 ஆம் திகதி, தலைநகர் சான் யுவானுக்கு அருகிலுள்ள கரோலினா என்னும் ஊரில் கிளமென்டே பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை மெல்ச்சோர் கிளமென்டே கரும்புத் தோட்டத்தில் கங்காணியாகத் தொழில் புரிந்தவர். தாயார் லூயிசா வோக்கர். ஸ்பானிய மரபுப்படி தந்தையின் குடும்பப் பெயர் முன்னும் தாயின் குடும்பப் பெயர் பின்னுமாக அவரது முழுப்பெயர் ரொபேர்ட்டோ கிளமென்டே வோக்கர் என அமைந்தது. இந்தப் பெயரின் ஒழுங்கை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அதற்கு நேர்ந்த கதியும் சொல்லப்படவுள்ளது.

புவேர்ட்டோ ரிக்கோ நான்கு நூற்றாண்டுகள் ஸ்பெயினின் குடியேற்ற நாடாக இருந்தது. 1898 ஆம் ஆண்டின் போரில் ஸ்பெயின் தோல்வியுற்றபோது அத்தீவு ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1917 இல் தீவு மக்களுக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டது. எனினும், தீவில் வாழும் மக்களுக்கு அமெரிக்க ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் வாக்குரிமை இன்றளவும் இல்லை. பிரஜை, ஆனால் முழுமையான பிரஜை அல்லன் என்ற இந்த இரண்டுங்கெட்டான் நிலை கிளமென்டேயுடன் கூடவே பிறந்தது எனலாம்.

தீவில் அடிமை முறை 1873 இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரும், ஸ்பானியக் குடியேறிகளும், ஆதிக்குடிகளும் தலைமுறை தலைமுறையாகக் கலந்ததன் விளைவாக ஒரே வீட்டில் பல நிறத்துப் பிள்ளைகள் பிறந்தனர். எனவே, அங்கு நிறத்தைக் குறிக்கும் சொற்கள் பலவாயின. நாம் மாநிறம், பொதுநிறம் என்றெல்லாம் சொல்வது போல அம்மக்களும் கோதுமை நிறத்தவர் என்று ஒரு சொல்லை வைத்திருந்தனர். கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே பல படிகள் இருந்தன.

இதனால் தீவில் நிறபேதமே இருக்கவில்லை என்று கொள்வது தவறாகும். வெளிறிய நிறம் அங்கும் மேன்மையாகவே மதிக்கப்பட்டது. வெளிறிய நிறத்தவரை மணந்து சந்ததியை 'மேம்படுத்துதல்' என்ற எண்ணம் குடும்பங்களில் நிலவியது. வறியோரில் பெரும் பகுதியினர் கறுத்தவர்களாகவே இருந்தனர். ஆனால், நிறத்தைக் காட்டி உணவகத்தின் கதவை அடைக்கும் சட்டம் அங்கே இருக்கவில்லை. கறுத்த மேனியுடைய கிளமென்டே முதலில் ஒரு புவேர்ட்டோ ரிக்கராகவே வளர்ந்தார். அவரது நிறம் அவரைப் பற்றிய பல செய்திகளுள் ஒன்றாக இருந்ததேயன்றி, முதற் செய்தியாக இருக்கவில்லை.

எல்லைக்கோடு எங்கே?

அமெரிக்காவின் பிரதான பேஸ்போல் அணிகளில் 1947 வரை கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவ்வாண்டில் ஜாக்கி ரொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியில் சேர்க்கப்பட்டதன் மூலமே இருபதாம் நூற்றாண்டில் அத்தடை உடைந்தது. ஆனால், இந்தத் தடை இலத்தீன் அமெரிக்கர்களுக்குப் பிரயோகிக்கப்பட்ட விதம் விசித்திரமானது. 1911 இல் சின்சினாட்டி அணி இரண்டு கியூப வீரர்களைச் சேர்த்துக்கொண்டபோது, அவர்கள் ஆபிரிக்கக் கலப்பற்ற ஸ்பானிய வழித்தோன்றல்கள் என்று பொதுமக்களுக்கு உறுதி கூற வேண்டியிருந்தது. அதே கியூபாவைச் சேர்ந்த, அவர்களிலும் திறமை மிக்க மார்ட்டின் டிஹிகோ போன்ற கறுத்த வீரர்களுக்குக் கதவு திறக்கவேயில்லை. 1942 இல் பிரதான அணியொன்றில் ஆடிய முதலாவது புவேர்ட்டோ ரிக்கரான ஹிராம் பித்தோர்ன் வெளிறிய நிறத்தவராக இருந்ததாலேயே அது சாத்தியமாயிற்று. ஒரே நாட்டவர், ஒரே மொழி பேசுவோர், ஒரே அணியில் ஆடியோர் அமெரிக்கக் கரையில் இறங்கியதும் இரு கூறாக்கப்பட்டனர்.

இதற்கு மாறாக, குளிர்காலத்தில் புவேர்ட்டோ ரிக்கோவில் நடைபெற்ற போட்டிகளில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகவே ஆடினர். தமது நாட்டில் ஹோட்டல்களிலிருந்து விரட்டப்பட்ட அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் தீவில் கௌரவமாக வரவேற்கப்பட்டனர். அவ்வாறு வந்து ஆடிய மொன்டி இர்வின் என்ற வீரரே சிறுவன் கிளமென்டேயின் ஆதர்ச நாயகன். கிளமென்டே தமது பதினெட்டாவது வயதில் சந்தூர்சே அணியில் சேர்ந்தார். 1954 ஆம் ஆண்டு பெப்ரவரியில் டொட்ஜர்ஸ் அணி 10,000 டொலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்து, கனடாவின் மொன்ட்ரியல் நகரிலிருந்த தனது துணை அணிக்கு அனுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் அணி அவரைத் தெரிவு செய்துகொண்டது. 1955 ஏப்ரல் 17 ஆம் திகதி தமது முதலாவது ஆட்டத்தை ஆடிய அவர், இறக்கும் வரை அந்த அணியை விட்டு விலகவில்லை.

அவர் சேர்ந்த அதே பிட்ஸ்பேர்க் அணியின் வரலாற்றில் ஒரு புதிர் உண்டு. 1953 இல் கார்லோஸ் பெர்னியர் என்ற கறுத்த நிறத்துப் புவேர்ட்டோ ரிக்கர் அந்த அணிக்காக ஆடியிருந்தார். ஆனால், அணியின் முதலாவது கறுப்பின வீரர் என்ற பெருமை, மறுவருடம் சேர்ந்த அமெரிக்கரான கேர்ட் ரொபேர்ட்ஸுக்கே நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. ஸ்பானிய மொழி பேசியதால் பெர்னியர் கறுப்பர் கணக்கில் சேரவில்லை. ஆனால், நிறபேதத்தின் கொடுமையை அனுபவிக்கும் வேளையில் மட்டும் அவர் கறுப்பராகவே கருதப்பட்டார். பெருமைக்கு ஒரு கணக்கு, இழிவுக்கு வேறொரு கணக்கு என்ற இந்த நியாயத்தை நாம் என்னவென்பது?

இரட்டை அந்நியம்

பிட்ஸ்பேர்க் அணியினர் ஆண்டின் ஆரம்பத்தில் பயிற்சிக்காகத் தென் மாநிலமான புளோரிடாவிலுள்ள ஃபோர்ட் மயர்ஸ் நகருக்குச் செல்வது வழக்கம். அங்கு நிறபேதம் சட்டமாகவே நடைமுறையில் இருந்தது. வெள்ளை வீரர்கள் ஹோட்டலில் தங்கினர். கறுப்பின வீரர்கள் டன்பார் என்ற கறுப்பினக் குடியிருப்பில், அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் தங்க வைக்கப்பட்டனர். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது வெள்ளையர் உணவகத்தினுள் உண்ண, கறுப்பினத்தவர் பஸ்ஸினுள்ளே காத்திருக்க வேண்டும். உள்ளே சென்றவர்கள் எடுத்து வந்து தரும் உணவை ஏற்பது தன்மானத்துக்கு இழுக்கு எனக் கிளமென்டே கருதினார். அவரது எதிர்ப்பின் பேரில் கறுப்பின வீரர்கள் செல்வதற்குத் தனி வாகனம் வழங்கப்பட்டது.

அமெரிக்கக் கறுப்பின இளைஞன் ஒருவனுக்கு இந்த அநீதி பிறந்தது முதல் தெரிந்த ஒன்று. எங்கே நிற்க வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவன் பெற்றோரிடமே கற்றிருப்பான். கிளமென்டேக்கோ இருபதாவது வயதில் திடீரென்று இந்தப் பாடம் புகட்டப்பட்டது. ஒரு துளி ஆபிரிக்க இரத்தம் இருந்தாலும் ஒருவன் கறுப்பனே என்ற விதியின் கீழ், கோதுமை நிறமும் மாநிறமும் மறைந்துபோயின. தீவின் பல படிகள் இரண்டாகச் சுருங்கின.

நிறத்தோடு மொழியும் சேர்ந்துகொண்டது. பிட்ஸ்பேர்க் உருக்குத் தொழிற்சாலைகளின் நகரம். அங்கு அக்காலத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர் மிகச் சிலரே. வெள்ளையருக்கு அவர் கறுப்பர். கறுப்பினத்தவர் பலருக்கோ வேற்று மொழி பேசும் அந்நியர். அவருக்குத் தமது வீட்டில் இடமளித்துப் பிள்ளை போல் நடத்தியது ஒரு கறுப்பினத் தம்பதியே என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடுதல் வேண்டும். ஆனால், பத்திரிகைகள் அவரை நடத்திய விதம் வேறு. அவர் ஆங்கிலம் பேசும்போது நேர்ந்த உச்சரிப்புப் பிழைகளை அப்படியே எழுத்தில் வடித்து வாசகரைச் சிரிக்க வைத்தனர் செய்தியாளர் சிலர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியமும் பேசத் தெரியாது என்பதை எவரும் எள்ளி நகையாடவில்லை.

1954 இன் இறுதியில் வீதி விபத்தொன்றில் அவரது முதுகு காயமுற்றது. அந்த வலி ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. வலி இருப்பதாக அவர் சொன்னபோது, சோம்பேறி என்றும் நோயாளி வேடம் போடுபவர் என்றும் எழுதப்பட்டது. இலத்தீன் அமெரிக்கர் என்றாலே உழைப்புக்கு அஞ்சுபவர், உணர்ச்சி வசப்படுபவர் என்ற முற்கற்பிதம் அந்த எழுத்துகளின் அடியில் ஓடியது. அந்தச் 'சோம்பேறி' பதினெட்டுப் பருவங்களில் 2,433 ஆட்டங்கள் ஆடினார் என்பதே அவற்றுக்குத் தக்க மறுமொழியாகும்.

பெயரும் தப்பவில்லை. ரொபேர்ட்டோ என்பது அமெரிக்க நாவுக்கு அந்நியமாகப் பட்டதால் பொப் என்றும் பொபி என்றும் அவரை அழைத்தனர். வீரர்களின் படங்களை அச்சிட்டு விற்ற பிரபல அட்டைகளில் 1957 முதல் 1969 வரை அவர் பொப் கிளமென்டே என்றே அச்சிடப்பட்டார். தமது பெயர் ரொபேர்ட்டோ என்பதை அவர் சலிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தார். இது சிறு விடயம் என்று தோன்றலாம். ஆனால், ஒருவனது பெயரை நமது வசதிக்காக மாற்றும்போது, அவனது தாயும் தந்தையும் ஊரும் மொழியும் நமக்குத் தேவையில்லை என்று அறிவிக்கின்றோம் என்பதை மறந்துவிடலாகாது.

திறமையும் துணிவும்

நான்கு முறை அவர் தமது லீக்கின் முதன்மைத் துடுப்பாட்டக்காரராகத் திகழ்ந்தார். களத்தடுப்பில் பன்னிரண்டு தடவைகள் தங்கக் கையுறை விருதை வென்றார். 1960 இல் பிட்ஸ்பேர்க் அணி உலகத் தொடரில் நியூயோர்க் யாங்கீஸ் அணியை வென்றது. ஏழு ஆட்டங்களிலும் சிறப்பாக ஆடியிருந்தும், அவ்வாண்டின் பெறுமதிமிக்க வீரரைத் தெரிவு செய்த செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் அவருக்கு எட்டாவது இடமே கிடைத்தது. அந்தப் புறக்கணிப்பு அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. 1966 இலேயே அவ்விருது அவரை வந்தடைந்தது.

தம்மை இழிவுபடுத்திய இரு வேறுபாடுகளில் ஒன்றை ஏற்று மற்றையதைக் கைவிடும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. நான் கறுப்பன் அல்லன், புவேர்ட்டோ ரிக்கன் என்று கூறிச் சிலர் அமெரிக்க நிறபேதத்திலிருந்து விலகி நிற்க முயன்றதுண்டு. கிளமென்டே அதைச் செய்யவில்லை. தாம் கறுப்பர் என்பதையும் புவேர்ட்டோ ரிக்கர் என்பதையும் அவர் ஒருசேர உரிமை கொண்டாடினார். 1968 ஏப்ரல் 4 ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவரது நல்லடக்கம் முடியும் வரை ஆடமாட்டோம் என்று நின்ற பிட்ஸ்பேர்க் வீரர்களின் முன்னணியில் கிளமென்டே இருந்தார். ஆட்டங்கள் பிற்போடப்பட்டன.

1971 செப்டெம்பர் முதலாம் திகதி, பிட்ஸ்பேர்க் அணி களமிறக்கிய ஒன்பது வீரர்களில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. பிரதான பேஸ்போல் வரலாற்றில் அதுவே முதற் தடவை. ஐவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இருவர் பனாமாவையும், ஒருவர் கியூபாவையும், ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோவையும் சேர்ந்தோர். இந்நிகழ்வைச் சிலர் முழுக் கறுப்பின அணி என்றும், வேறு சிலர் கறுப்பின, லத்தினோ அணி என்றும் எழுதுகின்றனர். அந்த நால்வரை எப்பெயரால் அழைப்பது என்பதில் இன்னமும் ஒருமைப்பாடு இல்லை.

அவ்வாண்டு ஒக்டோபரில் பிட்ஸ்பேர்க் மீண்டும் உலகத் தொடரை வென்றது. தொடரின் தலைசிறந்த வீரர் விருது கிளமென்டேயைச் சேர்ந்தது. அவ்விருதைப் பெற்ற முதலாவது லத்தினோ வீரர் அவரே. நாடெங்கும் ஒளிபரப்பான தொலைக்காட்சிச் செவ்வியில், ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னர் தமது தாய்மொழியில் தாய் தந்தையரை விளித்து அவர்களது ஆசீர்வாதத்தை அவர் வேண்டினார். எந்த மொழியின் சாயலுக்காக அவர் நகைக்கப்பட்டாரோ, அந்த மொழியை அமெரிக்காவின் இல்லங்கள் தோறும் ஒலிக்கச் செய்தார். இலத்தீன் அமெரிக்க மக்கள் அத்தருணத்தை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

1972 செப்டெம்பர் 30 ஆம் திகதி தமது மூவாயிரமாவது வெற்றி அடியை அவர் அடித்தார். அதுவரை பத்துப் பேரே எட்டியிருந்த இலக்கு அது. வழமையான பருவ ஆட்டங்களில் அதுவே அவரது கடைசி அடியாகவும் அமைந்தது. டிசெம்பர் 23 ஆம் திகதி நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவைப் பூமியதிர்ச்சி தகர்த்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்னர்தான் புவேர்ட்டோ ரிக்கோவின் இளம் அணியுடன் அந்நாட்டில் தங்கியிருந்த கிளமென்டே, நத்தார் பண்டிகையையும் பொருட்படுத்தாது நிவாரணப் பொருட்களைச் சேகரித்தார். அவை சொமோசாவின் படையினரால் அபகரிக்கப்படுவதாகச் செய்தி வந்ததும், தாமே நேரில் செல்லத் தீர்மானித்தார். டிசெம்பர் 31 ஆம் திகதி இரவு, அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றிய பழைய விமானம் சான் யுவானிலிருந்து புறப்பட்டுச் சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த ஐவரும் மாண்டனர். கிளமென்டேயின் உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. மனைவி வேராவையும் மூன்று ஆண் குழந்தைகளையும் விட்டுச் சென்றார்.

கல்லில் பொறித்த பிழை

ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே பேஸ்போல் புகழ் மண்டபத்தில் ஒருவரைச் சேர்க்கலாம் என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1973 இல் அங்கு இடம்பெற்ற முதலாவது இலத்தீன் அமெரிக்க வீரரானார் அவர். ஆனால், அந்த மண்டபத்தின் நினைவுப் பலகையில் அவரது பெயர் ரொபேர்ட்டோ வோக்கர் கிளமென்டே எனப் பொறிக்கப்பட்டது. தாயின் பெயர் இறுதியில் வருவது ஸ்பானிய மரபு என்பதை அறியாது, அமெரிக்க வழக்கத்துக்கேற்ப அதை நடுவே தள்ளிவிட்டனர். உயிரோடிருந்தபோது தமது பெயருக்காகப் போராடியவரின் பெயர், அவரைக் கௌரவித்த இடத்திலேயே பிழையாக நின்றது. 2000 ஆம் ஆண்டிலேயே அப்பலகை திருத்தப்பட்டது. அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

கிளமென்டே எதிர்கொண்ட குழப்பம் அவரோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின் வரலாறே அதற்குச் சான்று. 1930 இல் மெக்சிக்கர் என்பது ஓர் இனமாகக் கணக்கிடப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பில் அப்பிரிவு நீக்கப்பட்டு அவர்கள் வெள்ளையருடன் சேர்க்கப்பட்டனர். 1980 முதல் லத்தினோ வம்சாவளி பற்றி அனைவரிடமும் ஒரு கேள்வியும், இனம் பற்றித் தனியே வேறொரு கேள்வியும் கேட்கப்பட்டன. 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோ மக்களில் 75.8 சதவீதத்தினர் தம்மை வெள்ளையர் என்று மட்டும் குறிப்பிட்டனர். 2020 இல் அவ்வாறு குறித்தோர் வெறும் 17.1 சதவீதத்தினரே, ஏறத்தாழ அரைவாசிப் பேர் தாம் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்தோர் என்றனர். பத்தாண்டுகளில் ஒரு தீவு மக்களின் தோல் மாறிவிடவில்லை. படிவமும் கணக்கிடும் முறையும் மாறின. அதனோடு மக்கள் தம்மைப் பார்க்கும் பார்வையும் மாறியிருக்கக் கூடும். 2024 இல் அமெரிக்க அரசு அவ்விரு கேள்விகளையும் ஒன்றாக இணைக்கும்படி விதிகளை மாற்றியது. கறுத்த லத்தினோக்கள் அதில் மறைந்துபோவார்களோ என்ற அச்சம் அவர்களிடையே எழுந்துள்ளது. பெர்னியரின் கதையை அறிந்தவர்கள் அந்த அச்சத்தைக் காரணமற்றது என ஒதுக்கமாட்டார்கள்.

அரசுகள் கணக்கெடுப்பதில் தவறில்லை. எண்ணப்படாத மக்கள் உரிமை கோரவும் இயலாது. ஆனால், எண்ணுவதற்காக வரைந்த கோடுகளை இயற்கை வரைந்த கோடுகளாக எண்ணும்போதே அநீதி பிறக்கின்றது. ஒரு தீவில் பல படிகளாகத் தெரிந்த நிறம், சில மணி நேர விமானப் பயணத்தின் பின் இரண்டாகத் தெரிந்தது என்றால், பேதம் தோலில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கின்றது என்பதே பொருள்.

2002 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் அமெரிக்க பேஸ்போல் உலகம் கிளமென்டே தினத்தைக் கொண்டாடி வருகின்றது. அவரது பெயரில் பாலமும் பாடசாலைகளும் மனிதநேய விருதும் உண்டு. இவை யாவும் அவருக்கு உரியனவே. எனினும், அவர் கேட்டது இவற்றிலும் எளிமையான ஒன்று. தம்மைத் தம் பெயரால் அழைக்க வேண்டும் என்பதே அது. கறுப்பரா, லத்தினோவா என்று கேட்ட உலகுக்கு, இரண்டும்தான் என்று வாழ்ந்து காட்டி, தம் மொழி பேசிய இன்னொரு நாட்டு மக்களின் துயர் துடைக்கச் சென்று கடலில் கலந்தார் அம்மனிதர். ஒருவரை எந்தப் பெட்டியில் இடுவது என்று தேடுவதற்கு முன்னர், அவர் தம்மை யாரென்று சொல்கின்றார் எனக் கேட்கும் பண்பை நாம் வளர்த்துக்கொள்வோமாயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.